உன் அம்மா எனக்குத் தந்த குதிரை

மகாராணி கண்ணை மூடிய வருடம் அது. லண்டனில் நாற்பது டிகிரி வெயில் அடித்து, செவன் கிங்ஸ் பூங்காவின் புல்லெல்லாம் வைக்கோலாகிப் போன கோடை. அங்கே இலங்கையில் பெட்ரோலுக்கு வரிசையில் நின்று களைத்த சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்ததை, இங்கே நாங்கள் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். உன் அம்மாவின் மூன்றாவது திவசம் முடிந்த கையோடு, கடைக்குப் பால் வாங்கப் போவதுபோலச் சாதாரணமாக, "அப்பா, ஒரு கிழமைக்கு உடுப்பு எடுத்து வையுங்கோ" என்று நீ சொன்னாய். அந்த வருடம்தான், மகளே, நீ என்னைக் குதிரை ஏற்றினாய்.

எனக்கு எழுத வாசிக்க வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல முன்வீட்டு மாஸ்டர் எழுதுகிறார். என் 'வாறன், போறன்' எல்லாவற்றையும் 'வருகிறேன், போகிறேன்' என்று சலவை செய்துதான் எழுதுவார். ஆயுள் முழுக்கப் படிப்பித்த கை, விட ஏலாதாம். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடி போடச் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பாதியில் விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

அடுத்த மாதம் நீயும் என் பேத்தி இனியாவும் திரும்பவும் வேல்ஸுக்கு, அதே பண்ணைக்குப் போகிறீர்கள். என் முழங்கால்கள் இரண்டும் வீட்டு மாடிப்படிக்கே ஒத்துழைக்காததால் இந்த முறை நான் வரவில்லை. அங்கே பண்ணைக்கார க்வென் அம்மா பழைய களஞ்சியத்தில் புதிதாக ஒரு பலகை வைக்கப் போகிறார் என்றும், அதில் என் படத்தைப் போட்டு, இலங்கைத் தீவு ஒன்றில் சிறுவயதில் காட்டுக் குதிரை ஓட்டியவர் என்று எழுதப் போகிறார் என்றும் போன ஞாயிறு வந்து சொன்னாய். "அப்பா, ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் அவவுக்கு அறிவிக்கிறன்" என்றாய். நான் தேத்தண்ணீர் ஆறுகிறது என்று குசினிக்குள் எழும்பிப் போய்விட்டேன். பிள்ளை, அந்தப் பலகையில் என் பெயர் ஏறக் கூடாது. அந்தப் பண்ணைக்குப் போகுமுன் நான் எந்தக் குதிரையிலும் ஏறியதில்லை. ஆனால் உன் அம்மா உனக்குச் சொன்ன கதை பொய்யும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாகும் என்று சொல்லத்தான் மாஸ்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். அம்மா உன்னை ஏமாற்றிவிட்டா என்று நீ ஒரு நிமிடம்கூட நினைத்துவிடக் கூடாது. எனக்குள்ள பயம் அது ஒன்றுதான்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்கே போகிறோம் என்று நீ வாய் திறக்கவே இல்லை. காரின் பின்னால் ஐஸ் பெட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி, இடித்த சம்பல், வறுத்த அரிசிமா. சாப்பாடும் படுக்கையும் பண்ணையில் தருவார்கள் என்று தெரிந்தும், வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக உனக்கும் மனம் வரவில்லை. "கோயிலோ பிள்ளை போறம்?" என்று கேட்டேன். "உங்களுக்குக் கோயிலை விட விருப்பமான இடம்" என்றாய். அப்படி ஒரு இடம் எனக்கே தெரியாது. மலையும் மழையும் ஆட்டுமந்தையுமாக வந்தபிறகு, வேலிக்குப் பின்னால் குதிரைகள் நின்றன. இனியா துள்ளினாள். "சப்ரைஸ், அம்மப்பா! யுவர் ஹோர்ஸஸ்!" என்னுடைய குதிரைகளாம். சரி, காட்டுக் குதிரை திரிகிற தீவு என்பதால், நெடுந்தீவான் என்றால் இங்கே கலியாண வீட்டில்கூட 'குதிரை வந்திட்டுது, கொள்ளுப் போடுங்கோ' என்று பகிடி பண்ணுகிற ஆட்கள்தானே, பிள்ளையும் அந்தக் கணக்கில் சொல்கிறது என்று நானும் சிரித்து வைத்தேன்.

க்வென் அம்மாவை எனக்குக் கண்டவுடன் பிடித்துவிட்டது. நரைத்த பின்னல், சேறு பிடித்த சப்பாத்து, என் கையைப்போலவே காய்ப்புப் பிடித்த கை. பகலில் குதிரைப் பாடம், பின்நேரம் மலைப்பாதையில் சவாரி, சாப்பாட்டுக்குப் பிறகு களஞ்சியத்தில் அந்த ஊர்ப் பழங்கதை. இதுதான் அங்கே விடுமுறை. முதல் நாள் எங்கள் கறியைச் சாப்பிட்டு மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். அந்த மேசையில்தான் நீ தொடங்கினாய். என் இங்கிலீசு பெட்ரோல் ஸ்டேஷன் இங்கிலீசு. எந்தப் பம்ப், ரசீது வேண்டுமா என்பதற்கு மேல் போகாது. ஆனாலும் நீ கையை விரித்துச் சொல்லச் சொல்ல, மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு விளங்கவில்லை. அப்போது நீ என் பக்கம் திரும்பிக் கேட்டாய்: "அப்பா, அந்தக் குதிரையின்ர காது கிழிஞ்சிருந்தது, என்ன?"

எனக்குக் கை நின்றுவிட்டது. "ஓம்" என்றேன். "இடது காது."

"பாத்தியளே!" என்று நீ மேசையைத் தட்டினாய். பிறகு இங்கிலீசிலும் தமிழிலுமாக மிச்சத்தையும் சொன்னாய். பவளக்கல் மதிலில் ஏறி, அங்கிருந்து குதிரையின் முதுகில் பாய்ந்தது. பிடரி மயிரை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தது. வெட்டவெளி முழுக்க ஓடி, கடலுக்குள் இறங்கித்தான் குதிரை நின்றது. எல்லாவற்றிலும் என் பெயர். அம்மா எனக்கு இரவிரவாகச் சொல்லுவா என்றாய்; அப்பா இந்தக் கதையில் வரும்போது அப்பாவின் முகம் தெரியும் என்றாய். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனிதர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பழைய விஷயம் வெளிச்சமாகியது. நான் லண்டனுக்கு வந்தபோது உனக்கு நாலு வயது. நீங்கள் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு. ஹீத்ரோவில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "அப்பா, இஞ்ச உங்களிட்ட குதிரை நிக்குதோ?" நான் பெரிதாகச் சிரித்து, "இஞ்ச குதிரையெல்லாம் மகாராணியிட்டத்தான் பிள்ளை" என்றேன். உன் முகம் வாடியதும், அம்மா சட்டென்று குனிந்து பெட்டியைத் தூக்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். எட்டு வருடம் காட்டுக் குதிரையில் வந்த தகப்பனை எதிர்பார்த்த பிள்ளைக்கு முன்னால், பெட்ரோல் மணக்கிற ஜாக்கெட்டோடு ஒருவன் நின்றிருக்கிறான். நீ அப்படியும் என் கையைப் பிடித்தாய். அதற்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். வீட்டுக்குள் நன்றி சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மேடையில் நன்றியுரைக்கு என்று ஒருவரைப் பிடித்து விட்டுவிடுவோம். இந்தக் கடிதத்தில் அந்த வேலையை நானே செய்கிறேன், பொறுத்துக்கொள்.

அடுத்த நாள் காலை எனக்குப் பார்லி என்ற கிழட்டுச் சிவலைக் குதிரையைத் தந்தார்கள். ஏறுவதற்கு முதல் பழகவேண்டும் என்றார் க்வென். முன்னால் நேரே போகாதே, பின்னால் போகவே போகாதே, தோள்பக்கமாகப் போய்க் கையைக் கொடு, அது மணந்து பார்த்துச் சம்மதம் சொல்லட்டும். பிறகு தூரிகையால் தேய்ப்பது, குளம்பைத் தூக்கிக் கல்லெடுப்பது. நான் குனிந்து குளம்பெடுக்கும்போது அதன் காதுக்குக் கேட்கும்படி சொன்னேன்: "எடேய், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ வயசான ஆள், உனக்குத் தெரிஞ்சதைச் செய்." பிறகு மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் இழுத்துவிட்டேன். க்வென் ஓடிவந்தார். "என்ன மருந்து அது?" நீ விளங்கப்படுத்தினாய். அவர் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் மற்றவைக்கும் பூசிவிடச் சொல், பொறாமை வந்துவிடும்" என்றார். லாயத்தில் நின்ற அத்தனைக்கும் பூசினோம். பின்னேரம் தபால்காரர் வந்து, இவைக்கு ஏதும் தோல்வருத்தமோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பாடங்களில் ஒன்றை நான் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கயிற்றை மெல்ல இழு. குதிரை ஓரடி எடுத்து வைத்த அந்தக் கணமே தளர்த்திவிடு. தளர்த்தாமல் இன்னும் இழுத்தால், தான் செய்தது சரியா பிழையா என்று அதற்குத் தெரியாது; பிறகு அது நின்ற இடத்திலேயே நிற்கும். தளர்த்துவதுதான் அதற்குக் கிடைக்கிற நன்றி என்றார் க்வென். நீ அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் கண் இனியாவிடம் போனது. பிள்ளை வேலி ஓரத்தில் கிராமர் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிற பதினொரு பிளஸ் சோதனை வினாத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண் கணக்கிலும் ஒரு கண் குதிரையிலுமாக இருந்தது. அடுத்த நாள் அந்த வினாத்தாள் கட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டினாய். நான் கண்டும் காணாததுபோல இருந்தேன். பிள்ளைக்குக் கிராமர் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. அதற்காக நீ அவளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் உன்னைத் தளர்த்திவிட்டதாக ஞாபகம் இல்லை; எண்பது எடுத்தால் மிச்ச இருபதும் எங்கே என்று கேட்ட ஆள் நான். எங்கே நீ அதைக் கற்றுக்கொண்டாய் என்று யோசித்தால், உன் அம்மாவிடம்தான் இருக்கும்.

பிறகு ஏற்றினார்கள். மரப்படியில் நான், ஒரு பக்கம் நீ, பின்னால் க்வென். "வன், டூ..." என்று இனியா எண்ணினாள். என் வலதுகால் சேணத்தின் மேலே போய்ப் பாதியில் நின்றுவிட்டது. "அப்பா, காலை அங்கால கொண்டுபோங்கோ!" "எங்க கொண்டுபோறது? அது வரமாட்டன் எண்டுது!" க்வென் ஒரு தள்ளுத் தள்ளினார். ஏறிவிட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து உலகத்தை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடி முருகா என்றேன். பார்லி ஒரு பெருமூச்சு விட்டுத் தன் பாட்டில் நடக்கத் தொடங்கியது. "இவருக்குப் பழக்கம் இருக்கிறது, பார்த்தாலே தெரிகிறது" என்றார் க்வென். கிழட்டுக் குதிரை என்னைக் காப்பாற்றியது என்பதுதான் உண்மை. கண்ணைத் திறந்தபோது நீ வேலியில் கைவைத்து நின்றாய். பன்னிரண்டு வயதில் ஹீத்ரோவில் வாடிய முகம், நாற்பது வயதில் மலர்ந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் இல்லையடி அது என்று எந்தத் தகப்பன் சொல்வான்? பலகைக்கு என்று இனியா எடுத்து வைத்திருக்கும் படம் அந்த நேரத்துப் படம்தான்.

களஞ்சியத்தில் க்வென் சொன்ன கதைகளில் ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. அந்த மலைகளிலிருந்து முந்தி ஆண்கள் மாடுகளையும் ஆடுகளையும் சாய்த்துக்கொண்டு, கூடவே சின்னக் குதிரைகளோடு, லண்டன் சந்தை வரைக்கும் நடந்தே போவார்களாம். போன சிலர் திரும்பி வராமல் லண்டனிலேயே தங்கிவிட்டார்களாம். நாங்கள் சவாரி போன புல்வழி அவர்கள் போன வழி. "அவர்கள் போன பாதை எனக்குத் தெரியும், விற்ற சந்தை தெரியும்" என்று சொன்னார் க்வென். "அவர்கள் இல்லாத நேரம் வீட்டில் பெண்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிப் படுக்கப் போட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை." நீ அதைத் தமிழாக்கிவிட்டு எழும்பித் தேத்தண்ணீர் எடுக்கப் போனாய். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல இங்கிலீசு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

களஞ்சியத்தின் அந்தச் சுவரில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயர் எழுதியிருந்ததைக் கண்டாய்தானே. அது படத்தில் இருப்பவரின் பெயர் அல்ல, கண்ணால் கண்டு சொன்னவரின் பெயர். வீட்டு ஆட்கள் சொன்னால் க்வென் எடுக்க மாட்டார். வெளியாள் ஒருவர் கண்டிருக்க வேண்டும். ஆறு பெருகிய வருடம் ஒரு குதிரை ஓர் ஆளை இழுத்துக் கரை சேர்த்த கதை அந்த ஊர் முழுக்கத் தெரிந்தும், கண்ட ஒரு மனுஷி கிடைக்கும்வரை சுவரில் ஏற்றவில்லையாம். அதனால்தான் போன ஞாயிறு நீயும் என்னைக் கேட்டாய்: "அம்மா இல்லை. வேற ஆரும் இருக்கினமோ அப்பா, நீங்கள் குதிரை ஓட்டினதைக் கண்ணால கண்டவை?"

நான் ஓட்டியதை ஒருவரும் காணவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேள். எனக்குப் பதின்மூன்றோ பதினாலோ வயது. மழை பிந்திய வருடம். வெளியில் திரிந்த குதிரைகள் தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வந்து நின்றன. கேணியடியில் நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன். கந்தையாவும் செல்வமும் என்னோடு. குடத்தோடு இரண்டு பெட்டைகள் வந்தார்கள். ஒருத்தி பாக்கியம், உன் அம்மா. மற்றவள் அவளுடைய கூட்டாளி. கந்தையா பாக்கியத்துக்கு மச்சான் முறை, வாய் சும்மா இருக்காது. "தள்ளிப் போங்கோடி. பொம்பிளை தொட்டா குதிரை படுத்திடும்" என்றான். பாக்கியம் குடத்தை இறக்கி வைத்தாள். "நீ ஏறிக் காட்டு முதல், ஆம்பிளைச் சிங்கம்." அவன் ஏறப் போனான். கிழிந்த காதுக் குதிரை ஒரு திரும்பல் திரும்பியது. சிங்கம் சேற்றுக்குள் கிடந்தது. பாக்கியம் சிரித்த சிரிப்பில் மற்றக் குதிரைகள் ஓடிவிட்டன. பிறகு பாவாடையை வரிந்து கட்டினாள், மதிலில் ஏறினாள். "வேண்டாமடி, கொம்மா கொல்லுவா!" என்று கூட்டாளி கத்தினாள். அதற்குள் பாய்ந்துவிட்டாள்.

மிச்சம் நீ மேசையில் சொன்னபடிதான். பிடரி மயிரை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தபடி, வெட்டவெளி முழுக்க, கடல் வரைக்கும். நாங்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினோம். குதிரை முழங்கால் தண்ணீரில் போய் நின்றது. அவள் அதன்மேல் இருந்து சிரித்துக்கொண்டே, "எனக்கு இறங்கத் தெரியேல்லையடா!" என்றாள். நான் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க் குதிரைக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தேன். அவள் என் தோளில் கால் வைத்து இறங்கினாள். அந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான். ஆனால் ஒருவனுக்கு ஆயுளுக்கு அது காணும்.

யாரோ போய்ச் சொல்ல, உன் அம்மம்மா பூவரசந்தடியோடு வந்துவிட்டா. கடற்கரையிலிருந்து வீடு வரைக்கும் அடி. பிறகு எங்கள் எல்லோரையும் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரம் கொளுத்தி, அதன்மேல் அடித்துச் சத்தியம் வாங்கினா. "குதிரை ஏறின பெட்டை எண்டு ஊர் கதைச்சா, நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்? ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது." அன்றோடு பாக்கியத்தின் பள்ளிக்கூடமும் நின்றது. நாங்கள் மூச்சு விடவில்லை. எங்கள் கலியாணத்தன்று, பக்கத்தில் இருத்திவிட்டு எல்லோரும் போனபிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆருக்கும் சொன்னனீங்களோ?" இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். பிறகு அந்தக் கதை எங்களுக்குள் வரவே இல்லை. இப்போது நான் சத்தியத்தை உடைக்கிறேன் என்று மாஸ்டர் பேனையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். அது அவளுக்குக் கலியாணம் ஆகவேண்டும் என்பதற்காகச் செய்த சத்தியம். ஆகிவிட்டது, என்னோடுதான். அம்மன் கோபிக்க மாட்டா. நாங்கள்தான் விசர் பிடித்த சனம், ஒரு பெட்டையின் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிவிட்டு, அவள் பேத்தி கண்டு, செத்தும் போனபிறகும் மூடிக்கொண்டே இருந்தோம்.

நான் இல்லாத எட்டு வருடத்தில் உன்னைப் படுக்க வைத்துக்கொண்டு அவள் என்ன யோசித்திருப்பாள் என்று நினைத்துப் பார். இடம் மாறி மாறி ஓடியதில் என் படம்கூடக் கையில் இல்லை. நாலு வயதுப் பிள்ளை தகப்பனின் முகத்தை மறந்துகொண்டு வருகிறது. அவளிடம் ஒரே ஒரு பெரிய காரியம் இருந்தது, தன் உடம்பால் செய்தது, அடி வாங்கி மறைத்து வைத்தது. அதை எடுத்து, பாவாடையை வேட்டியாக்கி, என் பெயரைப் போட்டு உனக்குத் தந்துவிட்டாள். தாலிக்கொடியை விற்று என்னை லண்டனுக்கு அனுப்பியதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டினாள். சீனி முடிந்தாலும் அதைச் சொல்லுவாள். குதிரையைத் தந்ததை ஒருநாளும் சொல்லவில்லை. நானே அதை அவள் போனபிறகுதான் அறிந்தேன், அந்தக் கறி மேசையில். நீ என்னை அங்கே கூட்டிப் போயிராவிட்டால், என் மனைவி எனக்கு என்ன தந்தாள் என்று தெரியாமலே நான் செத்திருப்பேன். பிள்ளை, உனக்கு நான் சொல்லவேண்டிய பெரிய நன்றி அதுதான். அன்றே ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டால், அவள் தந்ததைக் கொஞ்சக் காலம் வைத்திருந்து பார்க்க ஆசைப்பட்டேன். வைத்திருந்தேன். இனி அவளிடம் திரும்பிப் போகட்டும்.

ஆகவே பலகையில் அம்மாவின் பெயரைப் போடச் சொல். படம் வேண்டுமென்றால், கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறையில் முறைத்துப் பார்க்கிற அந்தப் படத்தைக் கொடு. அதுதான் குதிரைக்காரியின் முகம். இனியாவுக்கும் கதையில் பெயரை மாற்றிச் சொல்லிவிடு. தன் அம்மம்மா பாவாடையை வரிந்து கட்டியது அவளுக்குத் தெரிய வேண்டும். என்னை என்ன செய்வது என்று அவள் கேட்டால், தோள் கொடுத்தவர் என்று சொல். அந்தப் பட்டம் எனக்குப் போதும்.

இனி க்வென் அம்மாவின் சாட்சிக்கு வருகிறேன். என் சொல் எடுபடாது. புருஷன், வீட்டு ஆள். கந்தையா மீன்பிடிக்கப் போன இடத்தில் கடலோடு போனான். செல்வம் வன்னியில் இடம்பெயர்ந்து இருந்தபோது காய்ச்சலில் போனான். உன் அம்மம்மா போனது உனக்கே ஞாபகம் இருக்கும், நீதான் பந்தம் பிடித்தாய். மிஞ்சியது குடத்தோடு வந்த மற்றப் பெட்டை. அவ இங்கே லண்டனில்தான், வால்தம்ஸ்டோவில் மகன் வீட்டில் இருக்கிறா. காது சரியில்லை, ஆனால் நினைவுக்கு ஒரு பழுதும் இல்லை. அம்மாவின் செத்தவீட்டில், மண்டபம் அதிர, "குதிரைக்காரியை ஏன் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுச் சிரித்த மனுஷி; பாவம், மறதி வருத்தம் என்று சொல்லி நீ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாயே, அவதான். பயணம் போகுமுன் ஒரு ஞாயிறு இனியாவையும் கூட்டிக்கொண்டு போ. வெறுங்கையோடு போகாதே. பக்கத்தில் இருந்து, காதுக்குள் உரத்து, பாக்கியத்தின் மகள் வந்திருக்கிறேன், குதிரைக் கதை கேட்க வந்திருக்கிறேன் என்று சொல். சத்தியம் முடிந்துவிட்டது, இனிச் சொல்லலாமாம் என்று நான் சொன்னதாகவும் சொல். அவ சொல்வதை அப்படியே க்வென் அம்மாவுக்கு இங்கிலீசில் சொல். அன்றைக்குக் கேணியடியில் நின்று கண்ணால் கண்டு, இன்றைக்கும் உயிரோடு இருக்கிற வெளியாள் அவ ஒருத்திதான். படத்தின் கீழே எழுத வேண்டிய பெயர், தம்பிமுத்து பறுவதம்.